ஹெவி லைசென்ஸும் நம் தெருவும்

கனரக வாகன ஓட்டுநர் உரிமம் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இட ஒதுக்கீடு, உயர்கல்வி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆணவக் கொலை என்று பேச வேண்டியவற்றை எல்லாம் பேசுகிறோம். ஆனால் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் நின்றுவிட்ட தம்பிகளிடம் "அடுத்து என்னப்பா செய்யப் போற?" என்று கேட்டால், "ஹெவி எடுக்கணும்ணா" என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்பது புதுச்சேரியில் களப்பணி செய்கிற நம் எல்லோருக்கும் தெரியும். வில்லியனூர் பக்கம் போனாலும் இதே பதில், பாகூர் பக்கம் போனாலும் இதே பதில். கேட்டுவிட்டு "நல்லதுப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

படித்த தோழர்கள் சிலர் முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகள் ஸ்டியரிங் பிடிக்கவா பிறந்தார்கள், ஐ.ஏ.எஸ். ஆக வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. ஆகட்டும், யார் வேண்டாம் என்றது? 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர்; நூற்றுக்குப் பதினைந்தரைக்கும் சற்று மேல். இத்தனை பேரும் கலெக்டர் ஆகும்வரை மூட்டை தூக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளின் வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். லாரியில் சுமை ஏற்றுகிறவர்களிடம் ஊர் பெயரைக் கேளுங்கள், பிறகு கேபினில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேளுங்கள். சுமைக்கூலியும் ஓட்டுநரும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். ஆனால் ஒருவர் மழையில் நனைகிறார், இன்னொருவருக்கு மாதச் சம்பளமும் படியும் கிடைக்கின்றன. இந்த இரண்டடி தூரத்தைக் கடக்க ஒரு தம்பிக்கு என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

முதலில் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கார் போன்ற இலகு வாகனத்துக்கு 18 வயது போதும். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகு வாகன உரிமம் கையில் வந்து ஓராண்டு முடிந்த பிறகுதான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கேட்க முடியும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போகலாம், அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். இவற்றோடு மருத்துவச் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூல் தரும் பயிற்சிச் சான்றும் வேண்டும். காருக்கு அப்பாவோ மாமாவோ கற்றுக்கொடுத்து நேராகத் தேர்வுக்குப் போய்விடலாம். கனரகத்துக்கு அது நடக்காது, டிரைவிங் ஸ்கூல் வாசலை மிதித்தே ஆக வேண்டும்.

அரசுக்குக் கட்டும் பணம் பெரிதில்லை. மத்திய விதிகளில் எழுதியிருப்பது, பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, உரிமம் வழங்க 200, ஏற்கெனவே உள்ள உரிமத்தில் இன்னொரு வகையைச் சேர்க்க 500. அந்தந்த அரசு போடும் சேவைக் கட்டணம் தனி. இந்தத் தொகையை மட்டும் பார்க்கிறவர்கள் ஏழைக்கும் எட்டும் உரிமம்தானே என்பார்கள். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது என்றும், அதில் 15 மணி நேரமாவது தேர்வர் தானே ஓட்டியிருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிற ஒருவர் ஒரு மாதக் காலைப்பொழுதை இழந்தால் வீட்டில் அரிசி எப்படி வரும்? ஸ்கூல் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயிற்சிக்குப் போகும் நாட்களின் கூலியைப் பற்றி எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் கிடையாது. தேர்வுக்கு வண்டியும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸை யார் இரவல் தருவார்கள்? அதற்கும் ஸ்கூல்தான்.

இந்தச் செலவில் சோர்ந்துபோகிறவர்கள்தான் கிளீனராகப் போகிறார்கள். இரண்டு மூன்று வருடம் வண்டியைக் கழுவி, டயர் மாற்றி, பின்னால் நின்று "வரலாம் வரலாம்" என்று கத்தி, ஒருநாள் ராத்திரி காலியான நெடுஞ்சாலையில் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பார் என்று காத்திருப்பதுதான் தமிழ்நாட்டு லாரித் தொழிலின் பள்ளிக்கூடம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழில் வளர்ந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். பங்காளி பங்காளிக்குக் கடன் கொடுத்தது, மாமன் மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டது என்றுதான் கதை போகும். உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்கு உறவு முதலீடாக இருந்தது என்கிறோம். சமூகவியல் பாடப் புத்தகத்தில் இதற்குச் சமூக மூலதனம் என்று பெயர். டீக்கடையில் இதற்கு "நம்ம பையன்" என்று பெயர். கேபினுக்குள் இரண்டு பேர் நாள்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்க வேண்டும். அங்கே "நம்ம பையன்" ஆக முடியாதவனுக்கு அந்த ராத்திரி ஸ்டியரிங் வருவது அபூர்வம்.

அம்பேத்கர் வாழ்க்கையில் இரண்டு வண்டிகள் வருகின்றன. அவர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1901இல் சிறுவன் பீமாராவ் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் சதாராவிலிருந்து ரயிலேறி, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறான். மசூர் நிலையத்தில் இறங்கினால் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்ற மாட்டார். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அவர் ஓட்ட மாட்டார், பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929இல் நடந்தது அடுத்தது. அப்போது அவர் பாரிஸ்டர், பேராசிரியர், பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்கானில் இறங்குகிறார். டோங்கா வண்டிக்காரர்கள் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டுவது தங்கள் மரியாதைக்குக் குறைவு என்று மறுத்துவிடுகிறார்கள். தங்கள் தலைவரை நடத்திக் கூட்டிப்போக மஹர் மக்களுக்கு மனமில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, தங்களில் ஒருவரை ஓட்ட வைக்கிறார்கள். அவருக்கு டோங்கா ஓட்டிப் பழக்கமே கிடையாது. வழியில் ஒரு சிறு பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி வீசப்பட்டு, கால் எலும்பு முறிந்து பல நாள் படுக்கையில் கிடந்தார்.

நம் கூட்டங்களில் இந்தக் கதையைத் தீண்டாமைக் கொடுமைக்கு உதாரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். கடிவாளத்தைப் பிடித்திருந்த அந்த மஹர் மனிதரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவர் மனசு எப்படித் துடித்திருக்கும்! அவருக்கு யாராவது முன்பே ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்தக் கால் முறிந்திருக்காது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, ஏனென்றால் டோங்கா ஓட்டுவது அவர் தெருவின் தொழில் இல்லை. பயிற்சி மறுக்கப்பட்டதால் திறமை இல்லை, திறமை இல்லாததால் விபத்து, விபத்து நடந்தால் "இவனுங்களுக்கு ஓட்டத் தெரியுமா" என்ற பேச்சு. இதே வட்டம் இன்று டிரைவிங் ஸ்கூல் வாசலிலும் சுற்றுகிறது.

நாம் வேலை செய்யும் ஒரு குடியிருப்பிலிருந்து மூன்று தம்பிகள் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்கள். முதல் நாளே ஊர் கேட்டார்கள், அடுத்து ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. ஒரே வண்டியில் எட்டுப் பேர் ஏறினால் மற்றவர்கள் ஆளுக்கு அரைமணி ஓட்டுவார்கள், இவர்கள் கை வரும்போது நேரமாகிவிட்டிருக்கும். மாதம் முடிந்தபோது சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே மணிக்கணக்குதான் எழுதியிருந்தது. தேர்வில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் ஒருவர் திரும்பி வந்தார். வீட்டில் அவர் சொன்னது, "எனக்கு ஓட்ட வரல." எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று கேட்டு விரல் விட்டு எண்ணிய பிறகுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடக்கூடிய செயல் எதுவும் இதில் இல்லை, ஆனாலும் பாகுபாடு நடந்துவிட்டது. அதனால் முதல் வேலையாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்கிறோம். தேதி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நேரம், இறங்கிய நேரம், அன்று என்ன பழகினோம் என்று தினமும் எழுத வேண்டும். 15 மணி நேரம் என்பது சட்டம் கொடுத்த உரிமை. கணக்கு கையில் இருந்தால் கேட்கும் குரலும் தெளிவாக வரும்.

எட்டாம் வகுப்புக் கதையையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாவது தேர்ச்சி கட்டாயம் என்று 2007இல் விதி வந்தது. 2019இல் அதை நீக்கினார்கள். இடையில் பன்னிரண்டு வருடம், பள்ளிக்கூடத்தை விட்டு இடையில் நின்றவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். நம் அண்ணன்மார்களில் ஒரு தலைமுறையே டிராக்டரும் ஜே.சி.பி.யும் அற்புதமாக ஓட்டும், கையில் சரியான உரிமம் இருக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், போலீஸ் கை ஓங்கும். விதியை நீக்கியபோது ஒன்றிய அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, ஹரியானாவின் மேவாத் பகுதி ஓட்டுநர்களுக்காக அந்த மாநில அரசு வைத்த கோரிக்கை. இன்னொன்று, நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை. நாம் இந்த நீக்கத்தை வரவேற்கிறோம். கூடவே ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அநீதி நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, லாரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் பெரிதாகப் பேசினார்கள். ஆள் தேவைக்காகத் திறந்த கதவு, தேவை தீர்ந்தால் மூடப்படலாம். அதற்குள் நம் ஆட்கள் உள்ளே போயிருக்க வேண்டும்.

குட்டி யானை ஓட்டுகிற தம்பிகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தை இலகு வாகன உரிமத்தை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் எதிர்த்தன. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. பஸ்ஸுக்கும் பெரிய லாரிக்கும் இது பொருந்தாது. ஆனால் முதல் ஓராண்டைச் சும்மா காத்திருந்து கழிக்க வேண்டியதில்லை, குட்டி யானை ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டே கனரகத்துக்குத் தயாராகலாம்.

இனி லஞ்சம். இதைப் பேசாமல் லைசென்ஸ் பற்றிப் பேசினோம் என்று சொல்ல முடியாது. டெல்லியில் கார் உரிமத்துக்கு விண்ணப்பித்த 822 பேரைப் பின்தொடர்ந்து பொருளாதார அறிஞர்கள் சிலர் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. உரிமம் வாங்கியவர்களில் பத்தில் ஏழு பேர் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தனியாகத் தேர்வு வைத்துப் பார்த்தபோது பத்தில் ஆறு பேருக்கு ஓட்டத் தெரியவில்லை. நடுவில் இருந்தவர் புரோக்கர். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் புரோக்கர் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.

"நம் பையனுக்கும் அப்படியே வாங்கிக் கொடுத்துவிடுங்களேன்" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான ஆதங்கம்தான், எல்லோரும் குறுக்கே போகும்போது நாம் மட்டும் வரிசையில் நிற்பதா? ஆனாலும் கூடாது என்கிறோம். ஒழுக்கப் பாடம் நடத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புரோக்கர் சந்தையில் பணம் உள்ளவன் திறமையை விலைக்கு வாங்குகிறான், திறமை மட்டுமே உள்ளவனிடம் விற்க எதுவும் இல்லை. நேர்மையான தேர்வு நடந்தால் அதில் ஜெயிப்பது நம் பையன்கள்தான். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்துக் காலனிகளில் இருந்து வேலைக்கு நடந்தும் சைக்கிளிலும் பழைய டி.வி.எஸ். 50இலும் போகிறவர்கள் யார்? விலைக்கு வாங்கிய லைசென்ஸோடு வருகிற லாரிக்கு எதிரில் முதலில் நிற்பது நம் அம்மாக்கள்தான். அந்த லாரியை நம் பையன் ஓட்டினாலும் இதே பேச்சுதான்.

தேர்வில் என்ன கேட்பார்கள்? எல்.எல்.ஆருக்குச் சாலைக் குறியீடுகள், ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் பற்றிய கேள்விகள். நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் போதும். ஓட்டும் தேர்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருப்பார். ஏறியதும் கண்ணாடிகளைச் சரிசெய்கிறாயா, குலுங்காமல் வண்டியை எடுக்கிறாயா, கியர் மாற்றும்போது கண் சாலையில் இருக்கிறதா, மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருள்கிறதா, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸ் போகத் தெரிகிறதா, திடீரென்று நிறுத்தச் சொன்னால் வண்டி கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார். புதுச்சேரிப் பையன்களுக்கு மேடுதான் வம்பு, நம் ஊரில் மேடு ஏது? மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் பழகாமல் தேர்வுக்குப் போகாதீர்கள், ஸ்கூல்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தோற்றால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். முதல் தோல்வியோடு வீட்டில் உட்கார்ந்துவிடும் தம்பிகளுக்கு இந்த ஏழு நாள் கணக்கைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை. பணம் கட்டிப் பயிற்சி முடித்து, மருத்துவச் சான்றுக்குப் போகும்போதுதான் கிட்டப்பார்வை இருப்பது தெரிகிற பையன்களைப் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் "மக்கு" என்று பெயர் வாங்கி நின்றுபோனதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பஸ் என்பது வெறும் வாகனம் என்று நினைக்கிறவர்கள் 1997ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அன்றைய தி.மு.க. அரசு. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ்கள் தாக்கப்பட்டன, தென் மாவட்டங்களில் கலவரம் பரவியது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயருக்குத் துணையாக நிற்பதற்குப் பதில், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு தலித் வீரனின் பெயரைப் பொறுக்காத சமூகம், அதன் ஸ்டியரிங்கில் ஒரு தலித் உட்கார்ந்தால் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டிலும் இந்த இருக்கைக்குச் சண்டை நடந்திருக்கிறது. மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பயணிகள் இருக்கைக்காக நின்றது நம் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கதை அவ்வளவு தெரியாது. அங்கே பஸ் கம்பெனி, ஒர்க்‌ஷாப்பில் கறுப்பினத் தொழிலாளிகளை வைத்துக்கொண்டது, ஆனால் பஸ்ஸில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்கவில்லை. கிரீஸ் கறை படிந்த கையோடு பின்னால் இருக்கலாம், சீருடை போட்டு மக்கள் முன்னால் உட்காரக்கூடாது. நமக்கு ரொம்பப் பழக்கப்பட்ட ஏற்பாடு. கய் பெய்லி என்ற இளைஞருக்குக் கிடைத்த நேர்முகத் தேர்வு, அவர் மேற்கிந்தியத் தீவுக்காரர் என்று தெரிந்ததும் ரத்தானது. 1963 ஏப்ரல் 30 அன்று பால் ஸ்டீபன்சனும் தோழர்களும் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மாதத்தில், ஆகஸ்ட் 28 அன்று, கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த மாதம் சேர்ந்தவர்களில் ரக்பீர் சிங் என்ற சீக்கியரும் ஒருவர். 1965இல் பிரிட்டனின் முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம். இதில் நம் தொழிற்சங்கத் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வெள்ளையரல்லாதவரை பஸ்ஸில் சேர்க்கக்கூடாது என்று 1955இலேயே தீர்மானம் போட்டது அந்த ஊர் தொழிற்சங்கக் கிளைதான்.

தலித் இளைஞருக்கு வண்டி கொடுக்கிறோம் என்று அரசுகள் பெருமையாகச் சொல்லும் இடம் எது தெரியுமா? கழிவுநீர் வண்டி. 2019 பிப்ரவரியில் டெல்லி அரசு 200 சாக்கடை சுத்திகரிப்பு இயந்திர வண்டிகளைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் கொடுத்தது. மனிதன் குழிக்குள் இறங்குவது நிற்கிறது என்றால் வரவேற்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நம் கையில் ஸ்டியரிங் வந்த பிறகும் வண்டி ஏன் அதே சாக்கடைக்கே போகிறது? காரைக்காலுக்கும் மாஹேக்கும் போகிற பஸ் ஏன் வருவதில்லை? புதுச்சேரியில் குப்பை வண்டிகள் போகும்போது பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.

அடுத்து வரப்போவது இதைவிடப் பெரிய சிக்கல். 2021இல் ஒன்றிய அரசு அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டுவந்தது. இந்த மையத்தில் படித்துத் தேர்ச்சி பெற்றால் அரசு அலுவலகத்தில் ஓட்டிக்காட்டும் தேர்வே தேவையில்லை. நடுத்தர, கனரக வாகனப் பயிற்சிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம். பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கனரகப் பயிற்சி மையம் தொடங்க இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும், கார் மையத்துக்கு ஒரு ஏக்கர். புதுச்சேரியில் யாரிடம் இரண்டு ஏக்கர் இருக்கிறது? வெள்ளைக்காரன் ஆண்ட பகுதியில் பஞ்சமி நிலம் என்று பேச்சுக்காவது ஒன்று இருந்தது, பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் பகுதியில் அதுவும் கிடையாது. நிலம் யாரிடமோ அவரிடம் மையம், மையம் யாரிடமோ அவரிடம் சான்றிதழ், சான்றிதழே லைசென்ஸ். பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன இருந்தாலும் அரசு ஊழியர். அவர் மீது புகார் கொடுக்கலாம், தகவல் கேட்கலாம். தனியார் மையத்தின் முதலாளியிடம் எதைக் காட்டிக் கேட்பது? அதனால் புதுச்சேரியில் இப்படி ஒரு மையம் வருவதென்றால் அது அரசு மையமாக, பட்டியல் சாதிகளுக்கான துணைத் திட்ட நிதியில் நம் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத இடமும் உதவித்தொகையும் உள்ள மையமாக வர வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரகப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. தாட்கோ ஓட்டுநர் பயிற்சி தருகிறது. நம் பாட்கோவிடம் இதை முதல் கோரிக்கையாக வைக்கலாம். பயிற்சி நாட்களுக்கு நாள்கூலிக்கு ஈடான உதவித்தொகை இல்லாத திட்டம் வெறும் காகிதம்தான் என்பதையும் கூடவே எழுத வேண்டும். சாதிச் சான்றிதழில் பூர்வீகமா குடியேறியவரா என்று 1964ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி அலைக்கழிக்கும் நம் ஊர் வழக்கம் இந்தத் திட்டத்துக்குள்ளும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்று தங்கைகள் கோபப்படுவார்கள், நியாயம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இலேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். முப்பது வருடம் தாண்டியும் பஸ் ஓட்டும் பெண் என்றால் செய்தித்தாளில் படம் வருகிறது. படம் வருகிறது என்றாலே ஆட்கள் குறைவு என்று அர்த்தம். நம் தெருவில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் எத்தனை பேர்? முதல் உரிமத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

உரிமம் வந்த பிறகு வேலை எங்கே? தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2025இல் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் பணியிடங்களை அறிவித்தபோது பத்தாம் வகுப்பும், கனரக உரிமத்தோடு 18 மாத அனுபவமும், நடத்துநர் உரிமமும் கேட்டார்கள். லைசென்ஸ் வாங்கிய கையோடு அரசு வேலை இல்லை; இடையில் ஒன்றரை வருடம் யாராவது வண்டி கொடுக்க வேண்டும். மறுபடி "நம்ம பையன்" பிரச்சினை. பி.ஆர்.டி.சி.யில் ஒப்பந்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். அவர்கள் கோரிக்கையோடு நாம் நிற்கிறோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறோம், ஒப்பந்த ஆட்களை எடுத்தபோது இட ஒதுக்கீடு பார்த்தார்களா? 45 நாளுக்கு மேல் போகிற தற்காலிக நியமனத்திலும் ஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசுப் பணிகளில் உள்ள உத்தரவு. 2023இல் உச்ச நீதிமன்றத்திலும் ஒன்றிய அரசு அதையே சொன்னது. நம் ஊர்க் கழகம் அதைப் பின்பற்றக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்.எல்.ஆர். தேர்வுக்கு ஒரு சமுதாயக் கூடம், ஒரு சார்ட், மாலையில் ஒன்றரை மணி நேரம் போதும். குறியீடுகளைப் பெரிதாக வரைந்து ஒட்டுங்கள். படிக்கத் தடுமாறுகிறவர்களுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள், பத்து நாளில் தேறிவிடுவார்கள். சாரதி இணையதளத்தில் விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள், புரோக்கருக்குப் போகும் முதல் பணம் அங்கேயே மிச்சம். நம் தெருவிலேயே ஏற்கெனவே ஹெவி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் எங்காவது இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து உட்கார வையுங்கள். ஏர் பிரேக் பற்றி அவர் அரைமணி நேரம் பேசினால் எந்த ஸ்கூலும் சொல்லாததைச் சொல்வார்.

அதோடு ஆளுக்கு ஒரு மனு போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் பத்து ரூபாய். போக்குவரத்துத் துறைக்குக் கேட்க வேண்டியது, கடந்த ஐந்து ஆண்டுகளில் வழங்கிய கனரக உரிமங்கள் எத்தனை, ஓட்டும் தேர்வில் தோற்றவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியிலும் கனரக வண்டிகள் எத்தனை. பி.ஆர்.டி.சி.க்கு, நிரந்தர, ஒப்பந்த ஓட்டுநர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எந்த ஆண்டு எடுக்கப்பட்டார்கள். பாட்கோவுக்கு, ஓட்டுநர் பயிற்சிக்கும் வாகனக் கடனுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு. மூன்று மனுவையும் தனித்தனியாக, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கான மாதிரி மனு நம்மிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.